தோட்டத்தில் 10 அடி டிஷ்ஷை நிரந்தரமாக நிறுத்த வேண்டும்: குழி, தூண், இடம் பற்றி ஆலோசனை தேவை

ராயவரம் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்தில் இருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் 10 அடி சி-பேண்ட் (செயற்கைக்கோள் அலைவரிசைகளில் ஒன்று) டிஷ் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அலுமினிய வலை, அதைத் தாங்கப் பன்னிரண்டு கை. கேபிள்காரர்களுக்கு இப்போது ஃபைபரிலேயே சிக்னல் வந்துவிடுவதால், மாடியில் சும்மா கிடந்ததை இறக்கி எடைக்குப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் அதை வெட்டுவதாக இருந்தார்கள். 6,500 ரூபாய் கொடுத்து மினி லாரியில் ஏற்றி வந்துவிட்டேன்.

வீட்டில் முதலில் கேட்ட கேள்வி, "ரெண்டடித் தட்டுல எல்லாச் சேனலும் தெரியுதே, இது எதுக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தச் சின்னத் தட்டு வாங்குவது கே.யு. பேண்ட், அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சி-பேண்டில் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர், செயற்கைக்கோளில் இருந்து வரும் சிக்னலும் மெல்லியது. அகலக் கை விரித்தால்தான் பிடிக்க முடியும். வடக்கே மத்திய ஆசியா, கிழக்கே நம் ஊர்க்காரர்கள் கப்பலேறிப் போன பர்மா, மலேயா என்று பல திசைகளில் இருந்தும் அதில் ஒலிபரப்பு வருகிறது. அதைப் பார்க்கும் ஆசை ஒன்று.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. விண்வெளியில் இருக்கும் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் தானாக ஒரு மெல்லிய அலையை வெளியிடுகிறது. 1951இல் அமெரிக்காவில் ஹார்வர்டில்தான் அதை முதலில் பிடித்தார்கள். இருபத்தெட்டு வருடம் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு பிள்ளைக்கும் நேரில் காட்டியதில்லை. இந்த டிஷ்ஷின் நடுவில் வேறொரு ஃபீடை (குவியத்தில் நின்று அலையை வாங்கும் குவளையை) வைத்தால் அதைக் காட்டலாம். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் இப்போதே வந்து எப்போது ஆரம்பிக்கிறோம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இதைத் தற்காலிகமாக எங்கோ சாய்த்து வைக்காமல் நிரந்தரமாக நிறுத்த நினைக்கிறேன்.

டிஷ்ஷின் நிலைமையைச் சொல்கிறேன். விளிம்பில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு நூல் கட்டிப் பார்த்தேன். வளையாத டிஷ் என்றால் நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். முதலில் ஒன்றே கால் அங்குலம் இடைவெளி இருந்தது. இரண்டு கைகளை மரச்சுத்தியலால் நிமிர்த்திய பிறகு இப்போது தொடுகிறது. விட்டம் 305 சென்டிமீட்டர், நடு ஆழம் 48. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் 121 சென்டிமீட்டர் வருகிறது. ஃபீடின் கால்கள் அதற்குச் சரியாக இருக்கின்றன. வலையின் கண் 5 மில்லிமீட்டருக்குள் இருப்பதால் சி-பேண்டுக்குப் பழுதில்லை.

வீடு அப்பச்சி காலத்துக்கும் முந்தியது. தெருவில் இருந்து பின் தெரு வரை நீளும் வீடு. ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. மாடியில் இருப்பது ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புத் தளமும் என்பதால் அங்கே ஒரு போல்ட்கூடப் போட மாட்டேன். மிச்சம் இருப்பது இரண்டாம் கட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டம்தான். கிணறு, வேம்பு, ஏழு தென்னை, பழைய வண்டிக் கொட்டகை எல்லாம் அங்கே. வீட்டின் நிழலும் தென்னையும் மறைக்கக் கூடாது என்று கடைக்கோடி மூலையைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து டிவி இருக்கும் பட்டாலைக் கூடத்துக்குக் கேபிள் 210 அடி வருகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் போட்டிருக்கும் படங்களில் எல்லாம் ஏழெட்டடித் தூண், அதன் மேல் டிஷ் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி நிற்கிறது. அதே அளவில் தூண் போட வேண்டுமா? குழி எவ்வளவு? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மாட்டுக் கொட்டகைத் தகரம் அடுத்த தெரு ஊருணியில் கிடந்தது. அந்தக் காற்றை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வேலையை ஆரம்பித்து ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேபிள்காரன், தேவகோட்டை:

சார், வணக்கம். 1992இல் இருந்து இந்தத் தொழிலில் இருந்தவன். ஏசியாசாட் செயற்கைக்கோளுக்கு 12 அடி, பிற்பாடு 68.5 டிகிரி தீர்க்கரேகையில் நிற்பதற்கு ஒன்று என்று என் கையாலேயே பதினோரு டிஷ் ஏற்றியிருக்கிறேன். நீங்கள் அதை வெட்டாமல் காப்பாற்றினீர்கள் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது.

முதலில் அந்த வெளிநாட்டுப் படங்களை மறந்துவிடுங்கள். அவர்கள் ஊர் வடக்கே வெகு தூரம். செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதால் அவர்களுக்கு அடிவானத்துக்குப் பக்கத்தில் தெரியும், டிஷ்ஷும் நிமிர்ந்து நிற்கும். நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில். நமக்கு எல்லாம் தலைக்கு மேலே. காரைக்குடிப் பக்கத்தில் 78.5 டிகிரி தாய்காம் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நேர் தெற்கு, அடிவானத்தில் இருந்து உயரம் 78 டிகிரி. 83 டிகிரிக்கு 77. 93.5க்குத் தென்கிழக்கில் 69. ஏசியாசாட் 105.5 மட்டும்தான் கொஞ்சம் இறங்கி 57இல் கிடைக்கும். ஆக, உங்கள் டிஷ் கண்ணாடி மாதிரி நிற்காது. வாசலில் வைத்த உருளி மாதிரி மல்லாந்து கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குத் தானாகவே பதில் வந்துவிடும்.

தூண் 8 அடி வேண்டாம். 93.5ஐப் பார்க்கும்போது டிஷ்ஷின் சாய்வு 90இல் 69 போக 21 டிகிரிதான், கீழ் விளிம்பு நடுவை விட 2 அடிக்கும் குறைவாகத்தான் இறங்கும். 105.5க்குத் திருப்பினாலும் இரண்டே முக்கால் அடி. தரைக்கு மேல் 5 அடித் தூண் போதும். குட்டையாக இருந்தால் காற்று நெம்புவதும் குறையும். குழாய் மட்டும் கனமானதாக வாங்குங்கள். மவுண்ட்டின் (டிஷ்ஷைத் தூணில் மாட்டும் சட்டத்தின்) கழுத்து 4 அங்குலத்துக்கு என்றால், கீழே 6 அங்குலக் குழாயை நட்டு, தலையில் மட்டும் 4 அங்குலத் துண்டைப் பற்றவைத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்குள் போகும் பகுதியில் குறுக்குக் கம்பி நாலு பற்றவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் காற்றில் குழாய் தன் குழிக்குள்ளேயே திரும்பிவிடும். எனக்கு 1996இல் அப்படி ஆனது. ஒரு கார்த்திகை மாதம் முழுக்கத் திசை தேடிக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்கு வலை டிஷ் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். சாலிட் டிஷ்ஷை (வலையில்லாத முழுத் தகட்டு டிஷ்ஷை) இங்கே வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். உங்கள் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: விளிம்பில் அந்தக் கிண்ணத்தின் சரிவு சுமார் 32 டிகிரி. சாய்வு அதை விடக் குறைவாக இருக்கும் வரை தண்ணீர் உள்ளேயே தேங்கும். 12லும் 21லும் வைத்தால் குளம்தான். நாங்கள் சாலிட் டிஷ்ஷின் அடியில் ஓட்டை போடுவோம், வேப்பஞ்சருகு வந்து அதையும் அடைக்கும். வலையில் அந்தத் தொல்லை இல்லை. சருகை மட்டும் வாரம் ஒரு முறை தட்டிவிடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். மல்லாந்த டிஷ்ஷில் எல்.என்.பி. (குவியத்தில் சிக்னலை வாங்கி வலுவாக்கும் பெட்டி) நடுவில் 9 அடி உயரத்தில் தொங்கும், விளிம்பில் இருந்து 5 அடி உள்ளே. ஏணி சாய்க்க இடமே கிடையாது. வலை மேல் சாய்த்தால் போச்சு. அதனால் உயரத் திருகை (டிஷ்ஷின் சாய்வை மாற்றும் திருகை) நீளமானதாகப் போட்டு, பழுது பார்க்கும்போது டிஷ்ஷை நன்றாகக் கவிழ்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எல்.என்.பி.யின் வாய் கீழே பார்ப்பதால் மழை உள்ளே போகாது, குளவிதான் கூடு கட்டும். மூடி உடையாமல் பாருங்கள். ஆனால் கேபிள் சேரும் இடம் மேலே இருக்கும். தண்ணீர் அங்கேதான் இறங்கும். டேப் சுற்றி, அதன் மேல் இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். எத்தனையோ விலை கொடுத்து உறை வாங்கிப் பார்த்துவிட்டேன், இதற்கு ஈடு இல்லை.

எல்.என்.பி. வாங்கும்போது 3.7இல் இருந்து 4.2 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வாங்குகிற வகையைக் கேளுங்கள், அல்லது வடிகட்டி ஒன்று சேர்த்து வாங்குங்கள். 5ஜி கோபுரங்கள் 3.3இல் இருந்து 3.67 வரை பேசுகின்றன. பழைய அகலமான எல்.என்.பி. அந்தச் சத்தத்தில் செவிடாகிவிடும். பலர் டிஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பது இதனால்தான்.

கண்டனூர் சிவில்:

சார், நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். கேபிள் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. குழியையும் காற்றையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

10 அடி வட்டத்தின் பரப்பு 7.3 சதுர மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று நேர் எதிரே அடித்தால் ஏறத்தாழ 600 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. வலை என்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் மழையில் நனைந்த வலைக் கண்களில் தண்ணீர் படலமாக நிற்கும், அதனால் அந்தக் குறைவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மல்லாந்து இருப்பதால் பக்கவாட்டுத் தள்ளல் இந்த அளவுக்கு வராது. அதற்குப் பதிலாகக் காற்று விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். உங்கள் கொட்டகைத் தகரம் போனதும் அப்படித்தான். ஆகவே தள்ளலுக்கும் தூக்கலுக்கும் சேர்த்துக் கனம் வேண்டும்.

4 அடிக்கு 4 அடி, ஆழம் 4 அடி. 64 கன அடி கான்கிரீட், எடை 4 டன்னுக்கு மேல். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் 14, 15 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். நம் பக்கத்துச் செம்பாறைச் சரளை நல்ல மண், பக்கச் சுவர் இடியாமல் நிற்கும். பலகை அடைக்காமல் குழியின் சுவரிலேயே கான்கிரீட் ஒட்டும்படி போட்டால் மண்ணின் பிடிப்பும் சேரும். தோண்டின மண்ணைத் திரும்பப் போட்டு நிரப்பும் வேலை வேண்டாம். மேல் பரப்பு தரையை விட 3 அங்குலம் உயர்ந்து, நாலு பக்கமும் வாட்டமாக இருக்கட்டும். குழாயின் காலில் தண்ணீர் நின்றால் துரு அங்கேதான் பிடிக்கும்.

குழாய் செங்குத்தாக நிற்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த டிஷ்ஷின் பார்வைக் கோணம் ஒன்றே முக்கால் டிகிரிக்குள் அடங்கிவிடும். தூண் ஒரு டிகிரி சாய்ந்தால் சிக்னல் பாதி அளவுக்கும் கீழே போகும். கொத்தனார் ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்பார். கிழக்கிலும் தெற்கிலும் இரண்டு தூக்குக்குண்டு தொங்கவிட்டு இரண்டிலும் சரியாக வந்த பிறகு கான்கிரீட்டை இறக்கச் சொல்லுங்கள். இறக்கி முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள், கம்பியால் குத்தும்போது நகர்ந்திருக்கும். ஒரு வாரமாவது சாக்கு போட்டு நனையுங்கள். 28 நாள் கழித்து டிஷ்ஷை ஏற்றுங்கள்.

அப்புறம், கடைக்கோடி மூலை எதற்கு சார்? 69 டிகிரி உயரத்தைப் பார்க்கும் டிஷ்ஷை வீடு மறைக்காது. உங்கள் பின் கட்டு 28 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 93.5க்குச் சுவரில் இருந்து 9 அடி, டிஷ்ஷின் அரை அகலம் 5 அடி, ஆக 14 அடி தள்ளினால் போதும். 105.5க்கு 20 அடி. தென்னை மட்டும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கிட்டத்தில் இல்லாமல் பாருங்கள். 25 அடியில் நிறுத்தினால் கேபிள் பாதியாகக் குறையும். அப்போதும் நூறடிக்கு மேல் வரும் என்பதால் தடித்த ஆர்.ஜி. 11 கேபிளே போடுங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் பி.வி.சி. குழாய்க்குள் விட்டால் அணில் கடிக்காது.

சுவரை ஒட்டியும் தோண்டாதீர்கள். அந்தக் காலத்து அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. குழியின் ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

இடிக்காக: தூணுக்குத் தனி எர்த் குழி போட்டு, அதை வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் இணைத்துவிடுங்கள். இரண்டையும் தனித்தனியாக விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள மின்னழுத்தம் உங்கள் கேபிள் வழியாகத்தான் போகும், ரிசீவரும் டிவியும் போய்விடும். கேபிளின் வெளி உறையையும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்யுங்கள்.

ராயவரம் வாத்தியார்:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. டிஷ் மல்லாந்து கிடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 78 டிகிரி எனக்கும் வந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இதைத் தோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஊட்டி முத்தோரையில் 1970இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்தபோது, 530 மீட்டர் நீளக் கருவியை அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, 11 டிகிரி சரிந்த ஒரு மலைச் சரிவாகத் தேடிப் பிடித்து வைத்தார்கள். கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க அது எளிய வழி. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது நான் வியந்து பார்த்தது அதைத்தான். நம் ஊரின் அட்சரேகையே நமக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். டிஷ்ஷை நேர் உச்சிக்குத் திருப்பி அப்படியே விட்டுவிட்டாலே, பூமி சுற்றச் சுற்ற, ஹைட்ரஜன் நிறைந்த பால்வீதி ஒரு நாளில் இரண்டு முறை அதன் மேல் கடந்து போகும். திருவோணம் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு முறை, திருவாதிரை உச்சியைத் தாண்டிச் சற்று நேரத்தில் ஒரு முறை. பிள்ளைகளுக்கு அந்த நட்சத்திரங்களைக் கண்ணாலும் காட்டலாம், அதே இரவில் ஹைட்ரஜனையும் காட்டலாம்.

ஒரு சந்தேகம். திசைக்கு என்ன செய்வது? இரும்புத் தூண் பக்கத்தில் காம்பஸை நம்ப முடியாது. மதிய நிழலை வைத்து வடக்கு தெற்கு பிடிக்கலாம் என்றால் ஆவணியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. ஆகஸ்ட் 27 ஒட்டி உச்சி வேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது. சித்திரை ஆரம்பத்திலும் அப்படியே.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, எனக்கு டிஷ் தெரியாது. வீடு தெரியும், அதனால் எழுதுகிறேன்.

ஐந்து புள்ளி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டமும் ஐந்து புள்ளிக்கும் பொதுதானே? 4 டன் கான்கிரீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பங்காளிகள் சென்னையில், சிங்கப்பூரில் எங்கே இருந்தாலும் குழி வெட்டும் முன் ஒவ்வொருவரிடமும் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பின் கட்டில் ஒருவர் கேட்காமல் தண்ணீர்த் தொட்டி கட்டினார். தொட்டி பெரிய விஷயமில்லை, கேட்கவில்லை என்பதுதான் பதினான்கு வருடமாகப் பேச்சு.

அப்புறம் இடம். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் விருந்து சமைக்கக் கோட்டை அடுப்பு, அதான் மண்ணில் நீளமாக வெட்டும் அடுப்பு, எங்கே வெட்டுகிறீர்கள்? கிணற்றுக்குப் பக்கத்தில், பின் வாசலுக்கு நேராகத்தான் எல்லா வீட்டிலும் வெட்டுவார்கள். ஆக்கி வைத்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அந்த வழியாகத்தான் இரண்டாம் கட்டுக்கு வர வேண்டும். பந்தலும் அங்கேதான் விழும். சுவரில் இருந்து 25 அடி என்று பொதுவாகக் குறித்துவிட்டு அந்த நடையை மறித்துவிடாதீர்கள். வண்டிக் கொட்டகைப் பக்கம் ஒதுக்கிப் போட முடியுமா பாருங்கள். அடுப்புப் புகை டிஷ்ஷில் படியாமலும் இருக்கும்.

வேம்பை வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

பழைய கேபிள்காரன், தேவகோட்டை:

ஆச்சி சொன்னதைத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள் சார்.

திசைக்கு வழி இருக்கிறது. ஸ்தபதிகள் கோயிலுக்குச் சங்கு என்கிற குச்சி நட்டுத் திசை பார்ப்பார்கள் இல்லையா, அதே முறை ஆவணியிலும் நடக்கும். உச்சி வேளை நிழல் நமக்கு வேண்டாம். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடம், மாலையில் தொடும் இடம், இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. 93.5க்கு வடக்கில் இருந்து கிழக்காக 124 டிகிரி.

அதை விட நல்ல வழி ஒன்று. வருடத்தில் இரண்டு தடவை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து சில நிமிடம் படம் போய்விடும். ஐந்தாறு நாள் தினமும் அதே நேரத்தில் போகும். எங்களுக்கு அந்த வாரம் முழுக்க வீடு வீடாகத் திட்டு விழும். ஆனால் புது டிஷ் ஏற்றினால் அந்த நாளுக்குத்தான் காத்திருப்போம். அந்த நிமிடத்தில் எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நட்ட நடுவில் விழ வேண்டும். விழுந்தால் திசை சரி. நம் ஊருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

ராயவரம் வாத்தியார்:

நடந்ததை எழுதுகிறேன்.

பங்காளிகள் நாலு பேரிடமும் பேசினேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பெரியவர் மட்டும் ஆச்சி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: கோட்டை அடுப்பு எங்கே வெட்டுவது? அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், அது நம் வீட்டில்தான். தோட்டத்தை அளந்து படம் போட்டு அனுப்பினேன். வண்டிக் கொட்டகைக்கு வடக்கே, கொட்டகைச் சுவரில் இருந்து 12 அடி, பின் கட்டில் இருந்து 31 அடி. பந்தலுக்கும் அண்டா நடைக்கும் இடைஞ்சல் இல்லை என்று பார்த்த பிறகு சம்மதித்தார்.

ஆவணி 4 குழி வெட்டினோம். இரண்டரை அடியில் செம்பாறை வந்துவிட்டது, கடப்பாரை போட்டு மிச்சத்தை எடுக்க இரண்டு நாள் ஆனது. ஆகஸ்ட் 24 கான்கிரீட். இரண்டு தூக்குக்குண்டும் நானே பிடித்தேன். சொன்னபடியே குத்தும்போது அரை அங்குலம் நகர்ந்தது, கலவை இறுகும் முன் நிமிர்த்திவிட்டோம். பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்கை நனைத்தார்கள். 28ஆம் நாள் முடிந்து, செப்டம்பர் 22 காலையில் ஆறு பேர் சேர்ந்து டிஷ்ஷை ஏற்றினோம். சங்கு வட்டத்தை வைத்து 124 டிகிரிக்குத் திருப்பி, உயரத்தை 69இல் வைத்து, போல்ட்டுகளைப் பாதி இறுக்கி விட்டுவிட்டேன்.

என் கணக்கில் 93.5க்குச் சூரியன் நேர் பின்னால் வருவது செப்டம்பர் 27, காலை 10 மணி 57 நிமிடம். நேற்று 10.40க்கே எல்லோரும் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். வெயில் நல்ல வெயில். எல்.என்.பி.யின் நிழல் மேற்கு விளிம்புப் பக்கத்தில் இருந்து மெல்ல நடுவை நோக்கி வந்தது. 10.57க்கு நடுத் தட்டில் இருந்து நாலு விரல் வடக்கே நின்றது. டிஷ்ஷைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். நிழல் நடுத் தட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை தட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள், தூக்கிக் காட்டினேன். போல்ட்டுகளை அப்படியே முழுக்க இறுக்கிவிட்டோம்.

சாயங்காலம் ரிசீவரைப் போட்டேன். முதல் தேடலிலேயே படம் வந்தது. ஒரு மயில் இன்று காலை விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தது, எடை தாங்குகிறது. எர்த் கம்பிக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. அது முடியும் வரை இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஹைட்ரஜனுக்கு ஃபீட் செய்ய ஒரு செம்புக் குவளையோ தகர டின்னோ வேண்டும், உள் விட்டம் 15 சென்டிமீட்டருக்கு மேல். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.